மூலம் காணலும் மூலத்திற்குத் திரும்பலும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இலக்கிய மேடையில் இயற்கணிதத்திற்கு என்ன வேலை என்னும் வினா எழுவது இயல்பே. அதற்குரிய விடை இம்மண்ணிலேயே இருக்கிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு பிறந்தவர் இராஜாஜி. அவர் சேலத்தில் வழக்கறிஞராக விளங்கிய காலத்தில், 1916-இல், அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்களை ஆக்குவதற்கென்றே நண்பர்களுடன் சேர்ந்து ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல் ஆகியவற்றோடு கணிதமும் அச்சங்கத்தின் கவனத்தில் இருந்தது. பின்னாளில் ‘திண்ணை ரசாயனம்’ என்னும் நூலையும் அவர் எழுதினார். திண்ணையில் அமர்ந்து வேதியியல் பேசலாம் எனில், இலக்கிய வட்டத்தில் அமர்ந்து சமன்பாடு பேசுவதில் தவறொன்றும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கு வேரூன்றியது. 1980-இல் டி.வி.எஸ். நிறுவனத்தின் மொபெட்டும் அசோக் லேலண்டின் ஓசூர்த் தொழிற்சாலையும் வந்தன. 1980-களின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரம் பிறந்தது. இப்பெருந்தொழில்களைச் சுற்றி எண்ணற்ற சிறு பட்டறைகள் முளைத்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து ஒலிக்கும் இவ்வெல்லைப் பகுதியில், அப்பட்டறைகளின் லேத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பவர்களில் பலர் பள்ளிப் படிப்போடு கணிதத்தை விட்டு வந்தவர்கள். விட்டு வந்ததாக அவர்கள் எண்ணும் கணிதம் உண்மையில் அவர்களை விடவில்லை என்பதும், அதை அறிந்தோர் கையில் அது ஓர் உரிமையாக மாறும் என்பதுமே இவ்வுரையின் கருத்து.

மூலம் என்னும் சொல்

ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் வர்க்கம் கிடைக்கிறது. வர்க்கத்திலிருந்து அவ்வெண்ணுக்குத் திரும்பிச் செல்லும் வழியே வர்க்கமூலம். 25-இன் வர்க்கமூலம் 5. 27-இன் கனமூலம் 3. ‘மூலம்’ என்பதற்கு வேர் என்றும் தோற்றுவாய் என்றும் பொருள் உண்டு. இதே பொருளுடைய சொல்லையே அரபு மொழியும் இலத்தீன் மொழியும் இக்கணக்கிற்குப் பயன்படுத்தின. எண்ணை மரமாகவும், அதைத் தாங்கும் மற்றோர் எண்ணை மண்ணுக்குள் இருக்கும் வேராகவும் பல நாட்டார் ஒரே விதமாகக் கண்டிருக்கின்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. √ என்னும் குறியை 1525-இல் அச்சான தம் நூலில் பயன்படுத்தியவர் கிறிஸ்டோஃப் ருடால்ஃப் என்னும் செருமானியர்.

தமிழில் இச்சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரு சமன்பாட்டை மெய்யாக்கும் எண்ணையும் ‘மூலம்’ என்றே பாடநூல்கள் அழைக்கின்றன. ஆகவே, மூலக்குறியுள்ள சமன்பாட்டிற்கு மூலம் காண்பது என்று சொல்லும்போது, ஒரே சொல் இரு பொருளில் அடுத்தடுத்து வந்து நிற்கிறது. மாணவரைக் குழப்பும் இவ்விரட்டுறலே இக்கணக்கின் உட்பொருளையும் காட்டித் தருகிறது. அது எவ்வாறு என்பது போகப்போக விளங்கும்.

வர்க்கம் மறந்துவிடுவது

தெரியாத எண்ணை ‘ம’ என்று கொள்வோர்க்கு முன்னால் ஒரு சமன்பாடு வைக்கப்படுகிறது:

√(ம + 6) = ம

மூலக்குறிக்குள் அடைபட்டிருக்கும் ‘ம’வை வெளியே கொணர்வதற்கு ஒரே வழி, இருபுறத்தையும் வர்க்கப்படுத்துவது. அப்போது ம + 6 = ம² என்றாகிறது. இதைத் தீர்த்தால் 3, −2 என இரண்டு விடைகள் வருகின்றன. 3-ஐ முதற் சமன்பாட்டில் இட்டால், 9-இன் வர்க்கமூலம் 3; பொருந்துகிறது. −2-ஐ இட்டால், இடப்புறம் 4-இன் வர்க்கமூலமாகிய 2, வலப்புறமோ −2. பொருந்தவில்லை.

வழியில் எந்தப் படியிலும் பிழை இல்லை. பெருக்கல் சரி; காரணிப்படுத்தல் சரி. அப்படியிருந்தும் பொய் ஒன்று விடையின் வடிவில் வந்து நிற்கிறது. எங்கிருந்து வந்தது அது? 3-ஐ வர்க்கப்படுத்தினாலும் 9. −3-ஐ வர்க்கப்படுத்தினாலும் 9. வர்க்கம், குறியை மறந்துவிடுகிறது. இரண்டு எண்கள் சமம் எனில் அவற்றின் வர்க்கங்களும் சமம். ஆனால் வர்க்கங்கள் சமம் என்பதால் எண்களும் சமம் ஆகிவிடா. முன்னோக்கிச் செல்லும் பாதை திறந்திருக்கிறது; பின்னோக்கி வரும் பாதையில் ஒரு கிளை தவறான ஊருக்குப் போகிறது. மூலக்குறி இட்ட வர்க்கமூலம் என்பது எதிர்மமல்லாத மூலத்தையே குறிக்கும் என்னும் மரபை வர்க்கப்படுத்தல் அழித்துவிட்டதால் வந்த விளைவு இது.

இம்மறதி எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை இரட்டைச் சமன்பாடு ஒன்று காட்டும்:

√(2ம + 3) − √(ம − 2) = 2
√(2ம + 3) + √(ம − 2) = 2

இரண்டிற்கும் வேறுபாடு நடுவிலுள்ள ஒரு குறி மட்டுமே. முதலாவதில் ஒரு மூலத்தை வலப்புறம் தள்ளி வர்க்கப்படுத்தினால், ம + 1 = 4√(ம − 2) என்று வரும். இரண்டாவதில் அதுவே ம + 1 = −4√(ம − 2) என்று வரும். மீண்டும் வர்க்கப்படுத்தியதும் இரண்டும் ம² − 14ம + 33 = 0 என்னும் ஒரே சமன்பாட்டில் வந்து கலந்துவிடுகின்றன. அதன் விடைகள் 3, 11.

இனி இவ்விரு விடைகளையும் தொடங்கிய இடத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். முதற் சமன்பாட்டில் 3-ஐ இட்டால் 3 − 1 = 2; 11-ஐ இட்டால் 5 − 3 = 2. இரண்டும் மெய். இரண்டாம் சமன்பாட்டில் 3-ஐ இட்டால் 3 + 1 = 4; 11-ஐ இட்டால் 5 + 3 = 8. இரண்டும் பொய், அச்சமன்பாட்டிற்கு விடையே இல்லை. ஒரே வழியில் நடந்து, ஒரே விடைகளைக் கண்ட இருவரில், ஒருவர் முழுதும் சரி; மற்றவர் முழுதும் தவறு. பாதையைப் பார்த்து இவர்களைப் பிரித்தறிய இயலாது. புறப்பட்ட இடத்திற்குத் திரும்பிச் சென்றாலன்றி மெய்யும் பொய்யும் விளங்கா.

‘விடையைச் சரிபார்க்க’ என்று பாடநூலின் ஓரத்தில் ஒரு வரி இருக்கும். பிற கணக்குகளில் அது எண்ணுப் பிழையைக் கண்டுபிடிக்கும் எச்சரிக்கை மட்டுமே. மூலக்குறிச் சமன்பாட்டிலோ அது தீர்வின் பகுதி. அதைச் செய்யாதவர் கணக்கை முடிக்காதவர். ஐயம் கொண்டு ஒன்றைத் தள்ளிவிடுவதும் இங்கே முறையாகாது. இரண்டும் மெய்யாக இருக்கும் முதற் சமன்பாடு அதற்குச் சான்று. எதிர்ம எண் என்பதால் தள்ளுவதும், பெரிய எண் என்பதால் ஏற்பதும் தேர்வறைப் பழக்கங்களே ஒழிய நெறிகள் அல்ல.

பாஸ்கரரின் வண்டுகள்

இச்சிக்கல் இந்நாட்டிற்குப் புதியதன்று. 1150-ஆம் ஆண்டில் பாஸ்கராசாரியர் இயற்றிய லீலாவதியில் வண்டுக் கூட்டம் பற்றிய கணக்கு ஒன்று வருகிறது. கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம் அளவான வண்டுகள் மாலதிச் செடியை நாடிச் சென்றன. முழுக் கூட்டத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் சென்றுவிட்டது. இரவில் தாமரைக்குள் சிக்கிக்கொண்ட ஆண் வண்டு ஒன்று உள்ளிருந்து முரல, வெளியே பெண் வண்டு ஒன்று மறுமொழி கூறி முரல்கிறது. வண்டுகள் எத்தனை என்பது கேள்வி.

விடை 72. பாதி 36, அதன் வர்க்கமூலம் 6. ஒன்பதில் எட்டுப் பங்கு 64. தாமரையில் ஒன்றும் வெளியே ஒன்றுமாக 2. கூட்டினால் 72. ஆனால் வர்க்கப்படுத்தித் தீர்ப்பவர்க்கு 72-ஓடு நான்கரை என்னும் இன்னொரு விடையும் வரும். அரை வண்டு பறக்காது என்று சிரித்துக்கொண்டே அதை விலக்கிவிடலாம். எனினும் உண்மையான காரணம் அதுவன்று. நான்கரையில் பாதி இரண்டேகால். அதன் வர்க்கமூலம் ஒன்றரை. ஒன்பதில் எட்டுப் பங்கு 4; மற்றவை 2. கூட்டினால் ஏழரை வருகிறதே அன்றி நான்கரை வரவில்லை. ஒன்றரையைக் கூட்டுவதற்கு மாறாகக் கழித்தால்தான் நான்கரை வரும். வர்க்கம் மறந்த குறியே மீண்டும் வந்து நிற்கிறது.

அவருடைய பீஜகணிதத்தில் குரங்குக் கூட்டக் கணக்கு ஒன்றும் உண்டு. ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, மிச்சத்தின் வர்க்கம் அளவான குரங்குகள் குகைக்குள் சென்றன. ஒன்று மட்டும் கிளையில் இருந்தது. கணக்கிட்டால் 50, 5 என இரு விடைகள் வரும். 5-ஐ எடுத்துக்கொண்டால் ஐந்தில் ஒரு பங்கு 1. அதிலிருந்து மூன்று குரங்குகளைக் கழித்தல் எவ்வாறு? பாஸ்கரர் அதை விலக்கி 50-ஐ ஏற்கிறார். அதே நூலில் வேறொரு குரங்குக் கணக்கிற்கு 48, 16 என்னும் இரண்டையும் ஏற்கிறார். ஒவ்வொரு விடையையும் கதைக்குத் திருப்பி அனுப்பி, கதை அதை ஏற்கிறதா என்று கேட்கும் ஒழுங்கு அவரிடம் இருந்தது.

அரை அடுக்கும் அரைக்கால் அடுக்கும்

மூலக்குறியை விட்டு அடுக்குகளின் வழியே சென்றால் இதே பொருள் வேறு தோற்றம் கொள்கிறது. ஒரே எண்ணின் அடுக்குகளைப் பெருக்கும்போது அடுக்குக்குறிகள் கூடுகின்றன. அவ்வாறாயின் எந்த அடுக்கைத் தன்னோடு பெருக்கினால் முதல் அடுக்கு வரும்? அரையும் அரையும் சேர்ந்தால் ஒன்று. ஆகவே வர்க்கமூலம் என்பது அரை அடுக்கு; கனமூலம் மூன்றில் ஒரு பங்கு அடுக்கு. பின்ன அடுக்கு என்னும் எண்ணத்தை 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு நிக்கோல் ஓரெம் கையாண்டார். இன்று வழங்கும் குறியீட்டை 1676-இல் எழுதிய கடிதத்தில் நியூட்டன் விளக்கினார்.

பின்னங்களுக்குப் பெயரிடுவதில் தமிழ் வறுமைப்பட்டதில்லை. கால், அரைக்கால், மாகாணி என்று நான்கிலொன்றுக்கும் எட்டிலொன்றுக்கும் பதினாறிலொன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. ஓர் எண்ணின் வர்க்கமூலத்திற்கு மீண்டும் வர்க்கமூலம் கண்டால் கால் அடுக்கு. இன்னொரு முறை கண்டால் அரைக்கால் அடுக்கு. சாதாரணக் கணிப்பானில் √ பொத்தானை மும்முறை அழுத்தினால் அரைக்கால் அடுக்கு கிடைத்துவிடும்.

பின்ன அடுக்கிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆனால் அது வேறு வகைப்பட்டது. ம-இன் மூன்றில் இரண்டு அடுக்கு 4 என்று கொண்டால், மாணவர் பலர் உடனே இருபுறத்தையும் ஒன்றரை அடுக்கிற்கு உயர்த்தி 8 என்று எழுதிவிடுவர். 8 சரியான விடையே. ஆனால் −8-உம் சரியான விடைதான். −8-இன் கனமூலம் −2; அதன் வர்க்கம் 4. இருபுறத்தையும் முதலில் கனப்படுத்தியிருந்தால் ம² = 64 என்று வந்து இரண்டும் கிடைத்திருக்கும். முன்னே கண்ட கணக்குகளில் இல்லாத பொய் உள்ளே நுழைந்தது. இங்கே இருந்த மெய் வெளியே போய்விட்டது. அடுக்கின் மேலெண் இரட்டையா ஒற்றையா என்று நின்று பார்ப்பதே இதற்கு மருந்து. சரிபார்த்தல் நுழைந்த பொய்யைக் காட்டும். தொலைந்த மெய்யைக் காட்டாது. அதைக் காக்க, ஒவ்வொரு படியிலும் எதை இழக்கிறோம் என்னும் விழிப்பு வேண்டும்.

விண்ணிலும் மணிக்கட்டிலும்

இவ்வடுக்குகள் ஏட்டில் மட்டும் வாழ்வன அல்ல. கும்பகோணத்தில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மகாமகம் வருகிறது. வியாழன் இராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆவதே அதற்கு அடிப்படை. 1619-இல் கெப்ளர் வெளியிட்ட விதிப்படி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவை ஒன்று எனக் கொண்டால், ஒரு கோளின் தொலைவை ஒன்றரை அடுக்கிற்கு உயர்த்தியது அது சுற்றும் ஆண்டுகளுக்குச் சமம். ஆகவே தொலைவு காண, 12-ஐ மூன்றில் இரண்டு அடுக்கிற்கு உயர்த்துதல் வேண்டும். 12-இன் வர்க்கம் 144. அதன் கனமூலம் ஏறத்தாழ 5.24. வியாழனின் சுற்றுக்காலத்தைத் துல்லியமாக 11.86 ஆண்டுகள் எனக் கொண்டால் 5.20 கிடைக்கிறது, வானியலார் கூறும் தொலைவும் அதுவே. குளத்தில் நீராடச் செல்லும் நாளைக் குறித்து வைத்திருக்கும் ஒருவர், தொலைநோக்கி இன்றியே வியாழனின் தொலைவை மதிப்பிட்டுவிட இயலும்.

விண்ணிலிருந்து ஓசூருக்கு இறங்கினால் மணிக்கட்டிலேயே ஓர் அடுக்கு காத்திருக்கிறது. குவார்ட்சு கைக்கடிகாரத்தின் உள்ளே ஒரு சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விந்தையான எண்? அதைத் தொடர்ந்து இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் பதினைந்தாம் முறையில் ஒன்று வரும். மின்சுற்று அவ்வாறே பாதி பாதியாக்கி, நொடிக்கு ஒரு துடிப்பாக்கி முள்ளை நகர்த்துகிறது. ஓர் எண்ணின் பதினைந்தாம் அடுக்கு 32,768 எனில் அவ்வெண் யாது என்னும் சமன்பாட்டின் விடை 2. கைக்கடிகாரத் தொழில் தழைத்த ஓர் ஊரில், பிள்ளைகளுக்கு அடுக்குகளை அறிமுகம் செய்ய இதைவிடச் சிறந்த பாடம் கிடைப்பதரிது.

லேத்தின் முகப்பில் ஒரு பட்டியல்

இனிப் பட்டறைக்குள் செல்வது பொருந்தும். பற்சக்கரப் பெட்டியுள்ள லேத்தின் முகப்பில் சுழல் வேகங்களைக் காட்டும் தகடு ஒன்று இருக்கும். பன்னிரண்டு வேகங்கள் கொண்ட எந்திரம் ஒன்றில் அவை நிமிடத்திற்கு 31.5, 45, 63, 90, 125, 180, 250, 355, 500, 710, 1000, 1400 சுற்றுகள் என அமையலாம். இவை சம இடைவெளியில் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் ஏறத்தாழ 1.41 மடங்கு. முதல் வேகமும் கடைசி வேகமும் முடிவானபின், இடையிலுள்ள பெருக்கத்தைக் காண வடிவமைப்பாளர் தீர்க்கும் சமன்பாடு இதுவே: ஓர் எண்ணின் பதினொன்றாம் அடுக்கு, 1400-ஐ 31.5-ஆல் வகுத்த ஈவுக்குச் சமம். பதினொன்றாம் மூலம் கண்டால் 1.41 வருகிறது.

ஏன் சம இடைவெளி கூடாது? நூறு நூறாக ஏறும் வேகங்கள் இருந்தால், கீழ்ப்பகுதியில் நூறிலிருந்து இருநூறுக்குத் தாவுவது இரு மடங்கு. மேற்பகுதியில் 1300-லிருந்து 1400-க்குப் போவது அற்ப மாற்றம். தடித்த இரும்புக்கு மெதுவான வேகமும் மெல்லிய தண்டிற்கு விரைவான வேகமும் வேண்டியிருப்பதால், எந்த விட்டத்திற்கும் தேவையான வேகத்திலிருந்து ஒரே விகித அளவுக்கு மேல் விலக நேராதிருக்க, பெருக்குத் தொடரே தக்கது. கண்ணுக்கு ஒழுங்கற்றதாகத் தோன்றும் அத்தகடு, உண்மையில் பின்ன அடுக்கின் ஒழுங்கு.

அவ்வேகங்களுள் எதைத் தேர்வது என்பது அடுத்த வினா. அதற்கு விடை தேடி அமெரிக்காவில் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்தவர் ஃபிரடெரிக் டெய்லர். 1880 அளவில் மிட்வேல் எஃகு ஆலையில் தொடங்கிய ஆய்வின் முடிவுகளை 1906-இல் பொறியாளர் அவையில் படித்தார். அவர் கண்ட தொடர்பு எளியது: வெட்டும் வேகத்தை, வெட்டுளியின் ஆயுளின் ஒரு சிறு பின்ன அடுக்கால் பெருக்கினால் வருவது மாறா எண். அதிவேக எஃகு உளிக்கு அப்பின்னம் ஏறத்தாழ எட்டிலொன்று. கார்பைடு உளிக்கு ஏறத்தாழ நான்கிலொன்று. தமிழில் சொன்னால் அரைக்கால் அடுக்கு, கால் அடுக்கு.

எடுத்துக்காட்டாக, கார்பைடு உளி ஒன்று நிமிடத்திற்கு 120 மீட்டர் வேகத்தில் 16 நிமிடம் உழைக்கிறது எனக் கொள்ளலாம். 16-இன் கால் அடுக்கு 2. ஆகவே மாறா எண் 240. உளியை அடிக்கடி மாற்றுவது நேரத்தை விழுங்குகிறது. 81 நிமிடமாவது உழைக்க வேண்டும் என்றால் வேகம் எவ்வளவு? 81-இன் கால் அடுக்கு 3. 240-ஐ 3-ஆல் வகுத்தால் 80 மீட்டர். மாறாக, அவசரப்பட்டு வேகத்தை 160-ஆக ஏற்றினால் 240/160 = 1.5, அதன் நான்காம் அடுக்கு சுமார் 5. உளி ஐந்து நிமிடத்தில் மழுங்கிவிடும். அதிவேக எஃகில் நிலைமை இன்னும் கடுமை. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு உயர்த்தினால், 1.2-இன் எட்டாம் அடுக்காகிய 4.3-ஆல் ஆயுள் வகுபடுகிறது. கொஞ்சம் கூட்டினால் கொஞ்சம் குறையும் என்று மனம் எண்ணுகிறது. அடுக்கு அவ்வாறு எண்ணுவதில்லை.

சமன்பாடு யார் கையில்?

டெய்லரின் வரலாற்றில் தொழிலாளர் அறியவேண்டிய பகுதி இதற்குப் பின்னே வருகிறது. உலோகம் வெட்டும் கணக்கில் பன்னிரண்டு மாறிகள் வந்து சேர்ந்தன. அவற்றைத் தீர்ப்பதற்குக் கார்ல் பார்த் என்னும் உதவியாளர் தனி நழுவுகோல்களை ஆக்கினார். நழுவுகோல் திட்டமிடும் அறையில் இருந்தது. தொழிலாளியின் கைக்கு வந்தது ஒரு குறிப்புச் சீட்டு. எந்த வேகம், எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம் என்பதை அச்சீட்டு சொல்லும். பல தலைமுறை கைப்பழக்கத்தில் சேர்ந்த அறிவைத் திரட்டி, விதியாக்கி, நிர்வாகத்தின் பக்கம் வைப்பதே அத்திட்டத்தின் நோக்கம் என்பதை டெய்லரே மறைக்காமல் எழுதினார்.

அச்சீட்டு இன்று கணிப்பொறித் திரையாக மாறியிருக்கலாம். எனினும் பிரிவினை அதுவே. ஒருவர் சமன்பாட்டைத் தீர்க்கிறார். மற்றவர் விடையைப் பின்பற்றுகிறார். பின்பற்றுபவருக்கு விடை தவறும்போது தவறு என்று சொல்லும் ஆற்றல் இல்லை. அவருக்குத் தெரிவதெல்லாம் உளி உடைகிறது, வேலை கெடுகிறது, பழி வருகிறது என்பது மட்டுமே.

விடை தவறவும் கூடும். மேற்கண்ட கணக்கில் வேகத்தை 24 மீட்டராகக் குறைத்தால் என்ன? 240/24 = 10; அதன் நான்காம் அடுக்கு 10,000. உளி பத்தாயிரம் நிமிடம், அதாவது ஏறத்தாழ 167 மணி நேரம் உழைக்கும் என்று சமன்பாடு சொல்லும். எந்தப் பட்டறைக்காரரும் இதை நம்பமாட்டார். மிகக் குறைந்த வேகத்தில் உலோகத் துகள் உளியின் முனையில் ஒட்டிக் கட்டியாகித் தேய்மானத்தின் போக்கையே மாற்றிவிடுகிறது. சோதித்துப் பார்த்த எல்லைக்குள் மட்டுமே டெய்லரின் தொடர்பு செல்லும். இங்கே வர்க்கப்படுத்தியதால் வந்த பொய் மூலம் எதுவும் இல்லை. எனினும் நெறி ஒன்றே: விடையை அது பிறந்த இடத்தில் வைத்துப் பார்த்தல். வகுப்பறையில் அவ்விடம் முதற் சமன்பாடு; பட்டறையில் அவ்விடம் எந்திரம். ஒரு துண்டை வெட்டிப் பார்த்து, முனையைக் கண்ணால் நோக்கி, ஒலியைக் காதால் கேட்டுச் சொல்லும் தீர்ப்பு, கணக்கு அறிந்த கைத்தொழிலாளியால் மட்டுமே இயல்வது. கணக்கு மட்டும் அறிந்தவருக்கு எந்திரம் பேசுவது கேட்காது. எந்திரம் மட்டும் அறிந்தவருக்கு அது ஏன் பேசுகிறது என்பது விளங்காது.

இராமானுசனின் கேள்வி

சரிபார்த்தல் என்பது கணிதம் அறியாதார்க்கு இடும் கட்டளை என்று எவரும் கருதிவிடலாகாது. ஈரோட்டில் 1887-இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன், 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு கேள்வியை விடுத்தார். ஒன்றுடன் இரண்டு மடங்கு ஒரு வர்க்கமூலத்தைக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். அவ்வுள் மூலத்தில் ஒன்றுடன் மும்மடங்கு இன்னொரு மூலம். அதற்குள் நான்கு மடங்கு. இவ்வாறு முடிவின்றிச் செல்லும் மூலங்களின் மதிப்பு யாது?

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...))))

மூன்று இதழ்கள் கடந்தும் எவரும் விடை அனுப்பவில்லை. இராமானுசனே விடையளித்தார்: 3.

வழி வியப்பூட்டும் எளிமை உடையது. 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 என்பது 1 + 2 × 4. அந்த 4 என்பது 16-இன் வர்க்கமூலம்; 16 என்பது 1 + 3 × 5. அந்த 5 என்பது 25-இன் வர்க்கமூலம். 25 என்பது 1 + 4 × 6. இப்படியே உரித்துக்கொண்டு போகலாம். ஆனால் இவ்வளவோடு நின்றுவிட்டால் நிறுவல் முற்றுப்பெறாது. 4-ஐயும் இவ்வாறே உரிக்கலாமே! 16 என்பது 1 + 2 × 7.5, அந்த 7.5-ஐயும் மேலும் உரித்துக்கொண்டே போகலாம். உரிப்பதால் மட்டும் விடை 3 தான், 4 அன்று என்று ஆகிவிடாது. உள்ளே எஞ்சும் வால் எவ்வளவு செல்வாக்குச் செலுத்துகிறது என்று பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு படியாக வெட்டி மதிப்பிட்டால் 1.73, 2.24, 2.56, 2.76 என்று ஏறி, 3-ஐ நெருங்கி, அதைத் தாண்டாமல் செல்கிறது. அங்கேதான் 3 உறுதிப்படுகிறது. மேதையின் விடையையும் புறப்பட்ட இடத்திற்கே திருப்பிக் கொணர்ந்து வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிறைவாக

மூலம் என்னும் சொல்லின் இரட்டுறல் இப்போது விளங்கக்கூடும். மூலக்குறியை நீக்கிச் சமன்பாட்டின் மூலத்தைத் தேடிச் செல்பவர், கண்ட எண்ணோடு மூலத்திற்கு, அதாவது தொடங்கிய இடத்திற்கு, திரும்பி வந்தாக வேண்டும். செல்லும் வழியில் மறந்தவற்றை அத்திருப்பமே நினைவூட்டுகிறது. தமிழ் இவ்விரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் கற்பிப்பவர்க்கு அது கைகொடுக்கும் தற்செயல்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பிலேயே விகிதமுறா மூலங்கள் வந்துவிடுகின்றன. அவற்றை விதியாகக் கற்ற மாணவர் தேர்வுக்குப் பின் மறந்துவிடுவர். காரணத்தோடு கற்றவர், எல்லைச் சாலையோரத்துப் பட்டறையில் நின்றாலும், வந்த விடையைப் பார்த்து ‘இது பொருந்துகிறதா?’ என்று கேட்பார். அக்கேள்வியைக் கேட்கும் துணிவே கல்வியின் பயன். 1916-இல் சேலத்தில் அமர்ந்து கணிதத்திற்குத் தமிழ்ச் சொல் தேடியவர்கள், அச்சொற்கள் அகராதியில் உறங்கவேண்டும் என்று விரும்பியிருக்க மாட்டார்கள். அவை லேத்தின் ஒலிக்கு நடுவிலும் பேசப்படவேண்டும். பத்தாண்டுகளாகக் கவிதையையும் கதையையும் இப்பகுதி உழைப்பாளரிடம் கொண்டுசென்ற இவ்வட்டம், அடுத்த பத்தாண்டில் ஆண்டுக்கு ஒரு மாலையையேனும் கணக்கிற்கு ஒதுக்குமாயின், பட்டறையிலிருந்து வருவோர் கேட்பவராக மட்டுமன்றிச் சொல்பவராகவும் இம்மேடைக்கு வருவர்.